சும்மா சுற்றும் போல்ட்

போன ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு, பேட்டரி மாற்றுவதற்காக என் வண்டியின் சீட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். முன்பக்கம் சீட்டின் நாக்கு டேங்குக்கு அடியில் செருகியிருக்கும். பின்பக்கம் இரண்டே போல்ட். இரண்டும் சேஸிஸ் பட்டையின் ஓட்டை வழியாக அடியிலிருந்து மேலேறி, சீட்டின் பிளாஸ்டிக் அடித்தட்டில் பதித்த நட்டில் முடிகிறவை. வலது பக்கத்தது முனகிக்கொண்டே வந்துவிட்டது. இடது பக்கத்தது அசையவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரில் உடம்பின் பாரத்தைப் போட்டேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் எந்தத் தடையும் இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. பத்துச் சுற்று, இருபது சுற்று. தலை ஒரு நூல்கூடக் கீழே இறங்கவில்லை.

பட்டறைப் பேச்சில் இதற்குச் "சும்மா சுத்துது" என்று பெயர். அசையாத போல்ட்டைவிட இது மோசமானது என்பது கைவேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அசையாத போல்ட்டோடு போராட வழி பல உண்டு: எண்ணெய் விடலாம், தட்டலாம், ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளம் கூட்டலாம். எல்லாமே திருப்புவிசையைக் கூட்டுகிற வழிகள். சுற்றுகிற போல்ட்டில் கூட்டிய விசையெல்லாம் வீண். மறுபக்கத்தில் நட்டைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. முக்கால்வாசி சீட்டுகள் கெட்டுப்போவது இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முதல் வகை வைத்தியத்தை இரண்டாவது வகைக்குச் செய்வதால்தான்.

அந்த 'டக்' சத்தத்தில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு சீட் போல்ட்டில் ஒன்றல்ல, இரண்டு பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் உள்ள பிணைப்பு ஒன்று. நட்டுக்கும் அது பதிந்திருக்கும் பிளாஸ்டிக்குக்கும், அல்லது தகட்டுக்கும் உள்ள பிணைப்பு இன்னொன்று. ஸ்பேனரைத் திருப்பும்போது இரண்டில் எது பலவீனமோ அதுதான் விட்டுக்கொடுக்கும். வண்டி ஆலையிலிருந்து வரும்போது மரைப் பிணைப்புதான் பலவீனமானது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆறு மில்லி போல்ட்டை இறுக்கச் சாதாரணமாகப் பத்து நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கம் அது. பிளாஸ்டிக்கில் பதித்த நட்டு அதைத் தாங்கும். ஆனால் மரைக்குள் துரு ஏறிய சில வருடங்களில் கழற்றுவதற்கு அதைப்போல இரண்டு பங்கு, மூன்று பங்கு தேவைப்படுகிறது. பிளாஸ்டிக்கின் பலம் மட்டும் கூடவில்லை. வெயிலிலும் அதிர்விலும் குறைந்துதான் இருக்கும். ஒரு நாள் இரண்டு பிணைப்புகளின் பலத்தின் வரிசை தலைகீழாகிறது. நாம் ஸ்பேனரை வைக்கும் வரைக்கும் அது தெரிவதில்லை.

நட்டு எந்த வகை என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். சீட் வேலையில் பரவலாகக் காண்பவை நான்கு. தகட்டில் வெல்டிங் வைத்த நட்டு: பழைய வண்டிகளின் இரும்பு அடித்தட்டிலும், பெரும்பாலான சேஸிஸ் பட்டைகளிலும் இதுதான். இரண்டு மூன்று புள்ளிகளில்தான் பற்றவைத்திருப்பார்கள். துரு அந்தப் புள்ளிகளைத் தின்றால் நட்டு விடுபடும். அடுத்தது கூண்டு நட்டு, மெல்லிய தகட்டுக் கூண்டுக்குள் சதுர நட்டு உட்கார்ந்திருப்பது. கூண்டின் காதுகள் விரிந்தால் நட்டு சுழலும். மூன்றாவது, பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை அல்லது இரும்பு நட்டு. நான்காவது ரிவெட் நட்டு. பின்பக்கம் கை நுழையாத மெல்லிய தகட்டில் முன்பக்கமிருந்தே பொருத்தக்கூடியது. 1930-களில் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் விமான இறக்கைகளில் பனி உறையாமல் தடுக்கும் ரப்பர் உறைகளைப் பொருத்துவதற்காக உருவாக்கியது அது. கை எட்டாத இடம் என்ற ஒரே பிரச்சினைக்குத்தான் இந்த நான்கும் விடைகள். பொறியாளருக்கு அது விடை. பத்து வருடம் கழித்துச் சீட்டைக் கழற்றுகிறவனுக்கு, எட்டாத அந்த இடம்தான் மறுபடியும் பிரச்சினை.

சுற்றுகிற எல்லா போல்ட்டும் நட்டு விடுபட்டதால் சுற்றுவதில்லை. நட்டு அதன் இடத்திலேயே உறுதியாக இருந்து, மரை மட்டும் வழித்துக்கொண்டு போயிருக்கலாம். 'மரை கழண்டவன்' என்று மனிதர்களைச் சொல்கிறோமே, அந்த மரை. இரண்டையும் பிரித்தறிய விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். ஸ்பேனரை மெதுவாகத் திருப்பியபடி இன்னொரு கையின் விரலை போல்ட் தலையில் வையுங்கள். மரை வழித்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தலை லேசாக எழும்பி, பழைய இடத்திலேயே விழும். ஒரு சின்னத் துள்ளல் விரலில் தெரியும். நட்டு சேர்ந்து சுற்றினால் துள்ளல் இருக்காது. ஒரே சீரான, மந்தமான உரசல்தான். போல்ட்டின் நுனி மறுபக்கம் தெரிகிற வண்டியாக இருந்தால் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

துரு ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? இரும்பு துருவாகும்போது பருக்கிறது. துருவின் வகையைப் பொறுத்து, கரைந்த இரும்பைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். வெட்டவெளியில் என்றால் உதிர்ந்து போகும். மரை இடுக்கில் அதற்குப் போக இடமில்லை. ஆகவே போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் ஆப்பு அடித்தாற்போல இறுகுகிறது. நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை வேகப்படுத்தும். கடல் இல்லாத ஊர்களிலும் ஒரு காரணம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: வாட்டர் வாஷ். அழுத்தத்தில் அடிக்கும் தண்ணீர், மழை ஒருநாளும் போகாத இடுக்குக்குள் போய்விடும். நட்டின் குழி மேலே மூடியிருப்பதால் அங்கே போன ஈரம் வெளியேற நாளாகும். உப்பான போர்த் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

துருவே பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டெயின்லெஸ் நட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் காய்ந்த மரையோடு வேகமாக முறுக்கினால் இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று கவ்வி, உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். துருவுக்கு எண்ணெய் கொஞ்சமாவது வழிவிடும். இந்தக் கவ்வலுக்கு எண்ணெயே மருந்தில்லை.

போல்ட் சும்மா சுற்றுவதற்குப் பொருந்தாத மரையைத் திணிப்பதும் ஒரு காரணம். இதற்கு நம் ஊரிலேயே வரலாறு உண்டு. மரைக்கு முதன்முதலில் ஒரு பொது அளவை முன்வைத்தவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், 1841-இல். அவர் மரையின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 பாகை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டு முயற்சியாக என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியபோது வந்ததெல்லாம் பிரிட்டிஷ் அங்குல மரைகள். இன்றும் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் ஸ்பேனர் பெட்டியில் இரண்டு குலத்தையும் வைத்திருக்கிறார்கள். ஐந்தின்கீழ் பதினாறு அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர் தடிமன். எட்டு மில்லி மெட்ரிக் போல்ட்டோடு கண்ணால் வேறுபாடு தெரியாது. ஆனால் அங்குலத்துக்கு 22 மரை அல்லது 18 மரை ஓடும் அதில், எட்டு மில்லி போல்ட்டில் இருபதுக்குச் சற்று மேல் ஓடும். ஆகவே மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறும், பிறகு இறுகும். "டைட்டாயிடுச்சு" என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அடுத்த முறை கழற்றும்போது நட்டும் சேர்ந்து வரும், இல்லாவிட்டால் மரை போகும்.

இனி கழற்றும் வழிகள். முதலில் சுற்றுவதை நிறுத்த வேண்டும். என் வண்டியைப் பார்த்த பெரிய மெக்கானிக் சொன்ன முதல் வார்த்தை அதுதான்: "தம்பி, முதல்ல கைய எடுங்க. இன்னும் சுத்துனா குழிதான் பெருசாகும், நட்டு பிடிக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது." நட்டின் மூலைகள் பிளாஸ்டிக்கை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் செதுக்குகின்றன. வட்டமாகிவிட்ட குழியில் பின்னால் எந்த உத்தியும் எடுபடாது.

இரண்டாவது எண்ணெய், கூடவே பொறுமை. மண்ணெண்ணெய், டீசல், கடையில் விற்கும் ஸ்பிரே எல்லாமே ஓரளவு வேலை செய்யும். டபிள்யூடி-40 என்பது 1953-இல் சான் டியேகோவில் அட்லஸ் ஏவுகணையின் உடல் துருப்பிடிக்காமல் இருக்க உருவாக்கிய கலவை. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்த எண். தண்ணீரை விலக்குவதுதான் அதன் பிறவித் தொழில், துருவுக்குள் ஊடுருவுவது இரண்டாவது வேலை. அதைப் பீய்ச்சி ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரை எடுப்பது வீண். ஒரு இரவு, முடிந்தால் இரண்டு இரவு ஊற வேண்டும். இடையிடையே போல்ட் தலையில் சிறிய சுத்தியலால் நேராகத் தட்டினால் துருவில் நுண்விரிசல் விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கும். அடியிலிருந்து மேலேறும் போல்ட்டில் எண்ணெய் கீழேயே வழிந்துவிடும் என்பதால் பஞ்சை நனைத்துக் கட்டிவைப்பது நல்லது. எண்ணெய் மரைப் பிணைப்பைப் பலவீனமாக்குகிறது. நட்டுக்குப் பிடி கொடுப்பது தனி வேலை.

அந்தப் பிடிக்கு எளிய வழி இழுப்பது. ஒருவர் சீட்டின் வாலைப் பிடித்து மேலே அழுத்தமாகத் தூக்க, இன்னொருவர் போல்ட்டை இடஞ்சுழியாக மெல்லத் திருப்ப வேண்டும். சீட் மேலே போகும்போது அதன் அடித்தட்டு நட்டின் விளிம்பில் அழுந்துகிறது. கீழே போல்ட் தலை பட்டையில் அழுந்துகிறது. இழுவிசை மரையிலும் உராய்வைக் கூட்டாதா என்று கேட்கலாம். கூட்டும்தான். ஆனால் ஆறு மில்லி போல்ட்டில் மரை உராயும் இடம் மையத்திலிருந்து மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. நட்டின் விளிம்பு ஆறேழு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. அதே விசைக்கு வெளிவிளிம்பில் கிடைக்கும் தடுப்பு முறுக்கம் இரண்டு மடங்கு. மரை வழித்துச் சுற்றும் போல்ட்டுக்கும் இதே வைத்தியம் பலிக்கும்: மிச்சமிருக்கிற மரையோடு போல்ட் கவ்விக்கொண்டு வெளியேறும். தூக்க ஆள் இல்லையென்றால் பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவில் மரத்துண்டை வைத்து நெம்பலாம். இரும்பால் நேரடியாக நெம்பினால் பிளாஸ்டிக் பிளக்கும்.

என்னைக் கேட்டால் எல்லா வழிகளிலும் சிறந்தது நட்டை நேரில் போய்ப் பிடிப்பதுதான். அது முடியாது என்று முடிவு கட்டும் முன் நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. மற்ற போல்ட்களைக் கழற்றி, முன்நாக்கையும் விடுவித்துவிட்டால், சீட்டை அந்த ஒற்றைப் போல்ட்டை அச்சாக வைத்துக் கதவு மாதிரிப் பக்கவாட்டில் திருப்பலாம். அடித்தட்டின் விளிம்பு வெளியே வரும். ரெக்சினை அங்கே ஸ்டேப்பிள் அடித்துத்தான் நிறுத்தியிருப்பார்கள். சீட் கவர் கடைக்காரர் ஒரு கூர்மையான டெஸ்டரால் அந்த ஊசிகளை வரிசையாக எடுத்துவிடுவார். ரெக்சினை விலக்கி, ஃபோமைக் கையால் தூக்கினால், நட்டின் முதுகோ போல்ட்டின் நுனியோ தெரியும். கட்டிங் பிளேயரோ வைஸ் கிரிப்போ போட்டுப் பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. வைஸ் கிரிப் என்ற பூட்டிக்கொள்ளும் குறடு, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு கொல்லர் 1924-இல் காப்புரிமை பெற்றது. இன்னொருவர் கை இல்லாமல் தனியாக வேலை செய்கிறவனுக்கு மூன்றாவது கை வேண்டும் என்பது கொல்லருக்குத் தெரிந்திருக்கிறது.

ஃபோமைத் தூக்க முடியாத அமைப்பென்றால் வேறு சில உத்திகள். நட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவிலுள்ள விளிம்பில் ஒரு சிறிய ஸ்க்ரூவை முறுக்கி இறக்கினால் அது ஆப்பாக நின்று நட்டைத் தடுக்கும். பித்தளை நட்டென்றால் சால்டரிங் அயர்னை போல்ட் தலையில் வைத்துச் சில நிமிடம் சூடேற்றலாம். சூடு நட்டுக்குப் போய், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இளகி, ஆறும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் 160 பாகை செல்சியஸைத் தாண்டினால் உருகிவிடும் என்பதால் நிதானம் வேண்டும். ஏர் கன் வைத்து வேகமாக அடிப்பதும் சில நேரம் பலிக்கிறது: திடீர் அடியில் நட்டு தன் நிலைமத்தாலேயே பின்தங்கும், மரை கழலும். துரு ஏறாத மரையில் மட்டும்தான்.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறுகிய நட்டைக் கேஸ் வெல்டிங்கால் சூடேற்றிக் கழற்றுவது பட்டறையில் அன்றாட வேலை. இரும்பு நூறு பாகை சூடானால் எட்டு மில்லி ஓட்டை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விரியும், துரு உடைய அது போதும். சீட்டுக்கு அடியில் இதைச் செய்யவே கூடாது. பாலியூரித்தேன் ஃபோம் பற்றினால் நொடியில் பரவும், அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கின்றன. ஒரு முழம் முன்னால் பெட்ரோல் டேங்க். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே இறங்கித் தேங்கும், எங்கோ இருக்கும் பொறிக்காகக் காத்திருக்கும். கட்டிங் வீல் வைத்த கிரைண்டரும் பொறி மழைதான். பேட்டரி பக்கத்திலேயே இருப்பதால் முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். தலை உடைந்த போல்ட்டில் நட்டு வைத்து வெல்டிங் செய்து எடுக்கும் பழைய கைவித்தைக்கும் இன்று யோசிக்க வேண்டியிருக்கிறது: 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது, வெல்டிங் மின்சாரம் அந்த வழியாகப் போனால் சீட் போல்ட் மிகச் சிறிய செலவாகிவிடும்.

கடைசி வழி வெட்டுவது. இதைத் தோல்வி மாதிரி நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எதைப் பலி கொடுப்பது என்பதில் ஒரு வரிசை வைத்துக்கொள்ள வேண்டும்: முதலில் போல்ட், பிறகு நட்டு, பிறகு பிளாஸ்டிக் தட்டு, சேஸிஸ் மட்டும் கிடையாது. போல்ட் கடையில் கிடைக்கும். டிரில்லால் தலையை எடுப்பது ஒரு முறை, ஆனால் சுற்றும் போல்ட்டில் டிரில் பிட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றும். தலையைப் பிடித்துக்கொள்ளாமல் டிரில் பயன்படாது. பிட் மேலே துளைத்துக்கொண்டு போய் வயரைக் கிழிக்கவும் கூடும். ஈஸி அவுட் எனப்படும் இடஞ்சுழி முறுக்காணி இங்கே பொருத்தமே இல்லை. அது அசையாத துண்டுக்கான கருவி.

என் வண்டியில் கடைசியில் வெட்டத்தான் வேண்டியிருந்தது. இரண்டு இரவு எண்ணெய், அரை நாள் இழுபறி, ஒன்றும் பலிக்கவில்லை. மெக்கானிக் பெரியவர் சேஸிஸ் பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்த ரப்பர் புஷ்ஷைக் கத்தியால் அரிந்து எடுத்தார். நாலு மில்லி இடைவெளி கிடைத்தது. ஆக்சா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்த இடுக்கில் நுழைத்தார். இரண்டு இழுப்பிலேயே போல்ட் பிளேடோடு சுற்றியது. "இதப் பிடிங்க தம்பி" என்று வைஸ் கிரிப்பைத் தலையில் பூட்டி என் கையில் கொடுத்தார். நான் பிடித்துக்கொள்ள, அவர் அவசரமில்லாமல், நீள நீளமாக அறுத்தார். நடுவில் ஒரு துளி எண்ணெய். இருபது நிமிடத்தில் தலை என் கையோடு வந்துவிட்டது.

சீட்டைத் தூக்கிய பிறகு சரிசெய்வது பெரிய வேலை இல்லை. குழி கெட்டுப்போயிருந்தால் பழைய நட்டைத் தட்டி எடுத்துவிட்டு, மேலே அகல வாஷர் போட்ட புது நட்டு வைக்கலாம். இரண்டு பக்கமும் தகடு கொடுத்தால் இன்னும் நல்லது. சேஸிஸ் பக்க மரை போயிருந்தால் லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போடலாம், அல்லது 6.8 மில்லி பிட்டால் துளைத்து எட்டு மில்லி டேப் போடலாம். பசை வைத்து ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாலிப்ரொப்பிலீனில் பெரும்பாலான பசைகள் பிடிப்பதில்லை. புது போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ், முதல் நான்கு சுற்று விரலால். விரலுக்கு ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை, தேவை இருக்கிறதோ இல்லையோ, கழற்றிப் பூட்டினால் துரு வேர்விட நேரம் கிடைக்காது.

வண்டி செய்கிறவர்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. அந்தக் குழிக்கு மேலே ஒரு விரல் நுழையும் ஓட்டை விட்டிருந்தால், அல்லது நட்டுக்கு அறுகோணக் குழியும் அகல விளிம்பும் கொடுத்திருந்தால், இத்தனை வேலை இல்லை. சில பைசா மிச்சப்படும் இடத்தில் பயனரின் ஒரு நாள் செலவாகிறது. சாவியால் திறக்கும் சீட் வந்த வண்டிகளில் இந்தத் தொல்லை அறவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரியவர் குழியிலிருந்து தட்டி எடுத்த நட்டைத் தூக்கிப் போடவில்லை. போல்ட்டின் மிச்சத் துண்டு அதற்குள்ளேயே இருந்தது. நட்டை வைஸில் இறுக்கிக் கட்டி, சுற்றிலும் ஃபோமோ பெட்ரோலோ இல்லாத இடத்தில் கேஸ் தீயால் சூடேற்றினார். துண்டை வைஸ் கிரிப்பால் பிடித்து, அதன் பிடியில் ஒரு குழாயைச் செருகி, என்னைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். மரை நகரவில்லை. நட்டின் முகத்தோடு ஒட்டினாற்போல் துண்டு முறிந்து கையோடு வந்தது.

"பாத்தீங்களா, இது வண்டியில வந்தே இருக்காது" என்றார், முறிந்த இடத்தைக் காட்டி. நடுவில் ஒரு அரிசி அகலத்துக்குத்தான் உலோகம் பளபளத்தது. சுற்றிலும் மரையின் பள்ளமெல்லாம் செங்காவி நிறத்தில், கல்லாக.